வலது காது, இடது காது

காலுறையில் அரிசி நிரப்பி முடிந்து
மைக்ரோவேவில் இருபது நொடி.
முதலில் என் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கிறேன்.
பிறகுதான் அதன் காதுக்கு.

டனீடினில் ஜூன். காலை ஏழுக்கும் இருட்டு.
சரிவுத் தெருவில் உறைபனி,
குப்பை லாரி ஏறத் துணியவில்லை.
மார்மைட் என் மடியில்
துண்டில் சுருட்டிய ரொட்டி.
தலை மட்டும் வெளியே,
கோபம் முழுக்க உள்ளே.

விளக்குக்கு நேரே காதைப் பிடித்தால்
ஓரமாய் ஒரு நரம்பு,
பென்சிலால் கிழித்து அழித்த கோடு.
நரம்பில் குத்தாதே, பக்கத்தில் குத்து
என்றார் டாக்டர் நைரி.
பக்கம் என்றால் எவ்வளவு பக்கம்?
முதல் வாரம் பஞ்சைக் குத்தினேன்,
என் கட்டைவிரலைக் குத்தினேன்,
ஒருநாள் ஐந்து புள்ளி இரண்டு என்று
சமையலறையில் கூத்தாடினேன்.
அப்புறம் பார்த்தால் பூனையின் காது காய்ந்திருக்கிறது.
சர்க்கரை எனக்குத்தான் நன்றாக இருந்தது.

பூனையோடு ஒரு நோட்டும் வீடு மாறும்.
ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் மர்டோவுக்கு.
கார் அவனுக்கு, சோபா எனக்கு
என்று எழுதிய நீதிமன்றத் தாளில்
பூனைக்கு ஒரு வரி இல்லை.
தேதி, மணி, எண், யூனிட்.
என் எழுத்து நட்டுக்குத்தல், அவனுடையது
காற்றில் சாய்ந்த வேலி.
குறிப்பு என்ற கட்டத்தில் ஒருமுறை:
'வலது காது புண்ணாகிவிட்டது.
இடதில் எடு. அவசரப்படாதே.'
பதினோரு வருடக் குடித்தனத்தில்
அவன் எனக்கு எழுதிய ஆக நீளமான கடிதம்.

வியாழன் இரவு
சோபாவுக்குத் தாவி, சோபாவைத் தவறவிட்டது.
எழுந்து, குடித்தவன் போல்
சுவரிடம் வழி கேட்டது.
காது சூடாக நேரமில்லை. குத்தினேன். பிதுக்கினேன்.
கடுகளவு சிவப்பு.
பட்டை உறிஞ்சியது. ஐந்து, நான்கு, மூன்று,
இரண்டு புள்ளி மூன்று.

விருந்தாளிக்கென்று ஒளித்து வைத்த மனுகா தேன்.
விரலில் வழித்து ஈறில் தேய்த்தேன்.
மற்ற கை தானாக அவன் எண்ணை அழுத்திவிட்டது.

வீட்டுச் செருப்போடு வந்தான்,
பனிச்சரிவில் நண்டு போல் பக்கவாட்டில் இறங்கி.
'சாப்பிட்டதா?'
பாதி.
'ஊசி?'
முழுசும் போட்டேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த மௌனத்துக்கு நான் பயந்த காலம் உண்டு.
இன்றைக்கு அது கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தது.

கால்மணிக்கு ஒருதரம்.
காதை அவன் பிடிக்க, ஊசியை நான்.
மூன்று புள்ளி ஒன்று.
பட்டை இன்னும் நான்குதான்.
நான்கு புள்ளி நான்கு.
விளக்கைக் கொஞ்சம் தள்ளு, என் நிழல் விழுகிறது
என்றேன். தள்ளினான்.
வேறெதுவும் பேசியதாக ஞாபகம் இல்லை.
அவன் சட்டையில் புதிதாய் ஒரு சோப்பு வாசனை.

இரண்டரை மணிக்கு ஏழு புள்ளி எட்டு.
மார்மைட் கோழித்துண்டு கேட்டது,
கொடுத்த கையைக் கடித்தது.
சிரித்தோம், இரண்டு பேரும்
பூனையைப் பார்த்துத்தான்.

விடிந்து நோட்டைத் திறந்தேன்.
எண்களெல்லாம் வரிசையாய், சாய்ந்த எழுத்தில்.
குறிப்பு:
'தேன் தீர்ந்தது. வாங்கி வை.'
கீழே இன்னொரு வரி,
எழுதி, அழுத்தி அழுத்தி அடித்திருந்தான்.
காதைப் பிடிப்பது போலத் தாளை
விளக்குக்கு நேரே பிடித்தேன்.
அடித்தது அடித்ததுதான்.

எட்டு மணி. டாக்டர் நைரியைக் கேட்டு
ஒரு யூனிட் குறைத்தேன்.
காலுறை, இருபது நொடி, கன்னம்.
இடது காது.
பதினொன்று புள்ளி ஆறு.